முதல் வானூர்தியின் எந்திரத்தை ஆக்கிய தொழிலாளி சார்லஸ் டெய்லர்

நம் தேவதானப்பட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் கிணற்று டீசல் எந்திரம் ஓடும் ஓசையைக் கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்த எந்திரம் எவ்வாறு அலறும் என்பதையும், பேக்கிங் கிழிந்த இடத்திலிருந்து புகை எவ்வாறு பீறிடும் என்பதையும் நாம் நன்கறிவோம். எந்திரம் நின்றுபோனால் பழுது பார்ப்பவரை ஆள் விட்டு அழைப்போம். அது மீண்டும் ஓடத் தொடங்கியதும் அவரை மறந்துவிடுவோம். தோட்டத்திற்குப் பெயருண்டு, எந்திரத்திற்கும் பெயருண்டு, அதனை ஓடச் செய்த கைகளுக்கு மட்டும் பெயரில்லை.

மனிதனை முதன்முதலாக வானில் ஏற்றிச் சென்ற எந்திரத்தின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. வானூர்தியைக் கண்டவர்கள் ரைட் சகோதரர்கள் என்று நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். அவ்வூர்திக்குரிய எந்திரத்தைத் தம் கையால் கடைந்தும் துளைத்தும் அராவியும் ஆக்கியவர் சார்லஸ் எட்வர்ட் டெய்லர் என்னும் பட்டறைத் தொழிலாளி. எந்திரத் தொழிலுலகம் நன்கறிந்த அவர் பெயர் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவருடைய வாழ்க்கையை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

டெய்லர் 1868-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்துச் செர்ரோ கோர்டோ என்னும் ஊரில், ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் ஏவல் வேலைக்குச் சேர்ந்தார். எந்திரங்களின்பால் அவருக்கிருந்த ஈடுபாடு அவரை விரைவிலேயே பட்டறைக்கு இழுத்துச் சென்றது. கருவி செய்யும் தொழிலை அங்கேயே பழகிக்கொண்டார். கணிதமும் அளவையும் அவருக்குக் கரும்பலகையில் வரவில்லை. உளியிலும் அரத்திலும் வந்தன.

ஹென்ரியெட்டா வெபர்ட் என்னும் பெண்ணை மணந்த பின், 1896-ஆம் ஆண்டளவில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் குடியேறினார். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்திய கட்டடம் அவர் மனைவியின் உறவினருக்கு உரியது. அவ்வழியே அறிமுகம் ஏற்பட்டது. சைக்கிள் சக்கரத்துக்குரிய பாகங்களை அவர்களுக்காகக் கடைந்து கொடுத்து வந்தார். 1901-ஆம் ஆண்டு சூன் திங்களில் மணிக்கு 30 சென்ட், வாரத்துக்கு 18 டாலர் என்ற கூலியில் அவர்களிடமே வேலைக்கு அமர்ந்தார். சகோதரர்கள் கிட்டி ஹாக் கடற்கரைக்குச் சென்று இறக்கை ஆராய்ச்சியில் ஈடுபட்ட காலமெல்லாம் கடை முழுவதும் டெய்லரின் பொறுப்பிலேயே இருந்தது. கடையின் வருவாய்தான் ஆராய்ச்சியின் செலவு. ஆகவே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிய கைகளும் அந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தன என்று கூறுவது மிகையாகாது.

அவர்களுடைய தங்கை காதரின் அம்மையாருக்கும் டெய்லருக்கும் ஒத்துப்போகவில்லை. டெய்லர் ஓயாமல் சுருட்டுப் புகைப்பவர்; எதற்கும் தம் கருத்தை மறைக்காமல் சொல்லுபவர். பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்திகளை விட்டுவிடுவதுண்டு. நாம் விடவில்லை. அவரும் நம்மைப்போல் குறைநிறை உடைய மனிதரே.

டேட்டன் நகரைப் பற்றி இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆர்வில் ரைட்டின் பள்ளித் தோழர்களுள் ஒருவர் பால் லாரன்ஸ் டன்பார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர்; அவ்வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவர்; பிற்காலத்தில் புகழ்பெற்ற கவிஞர். அவர் நடத்திய சிறு இதழை 1890-இல் ரைட் சகோதரர்களின் அச்சகமே அச்சிட்டது. அத்தனை படித்தும், பள்ளியை விட்டு வெளிவந்தபோது அவருக்குக் கிடைத்தது மின்தூக்கியை ஏற்றி இறக்கும் வேலைதான். டெய்லர் வெள்ளையர். பள்ளிப் படிப்பு முடியாத அவருக்குப் பட்டறைக் கதவு திறந்திருந்தது. படித்துத் தேறிய டன்பாருக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை. நிறத்தால் விளைந்த இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு டெய்லரைப் போற்றுதல் முறையாகாது.

இனி, எந்திரத்தின் கதைக்கு வருவோம். 1902-ஆம் ஆண்டு இறுதியில் ரைட் சகோதரர்களுக்கு இறக்கையைப் பற்றிய ஐயம் நீங்கிவிட்டது. எடை 180 பவுண்டுக்கு மிகாமல், 8 குதிரைத் திறன் தரும் எந்திரம் ஒன்று கிடைத்தால் போதும் என்ற நிலை. மோட்டார் வண்டி எந்திரம் செய்யும் நிறுவனங்கள் பலவற்றுக்கு எழுதிக் கேட்டார்கள். வேண்டியவாறு செய்து தர எவரும் முன்வரவில்லை. கடையிலிருந்த தொழிலாளியைக் கொண்டே செய்வதென்று முடிவாயிற்று. அதற்கு முன் டெய்லர் பெட்ரோல் எந்திரத்தில் கைவைத்தது ஒரே ஒரு முறை. அதுவும் மோட்டார் வண்டி ஒன்றைப் பழுது பார்க்கும் முயற்சி.

முறையான வரைபடம் கிடையாது. மூவரும் பேசி ஒரு பாகத்தின் உருவைத் துண்டுக் காகிதத்தில் கீறுவார்கள். டெய்லர் அக்காகிதத்தைத் தம் வேலைமேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு அப்பாகத்தைச் செய்வார். கடையில் இருந்த கருவிகள் ஒரு லேத்தும் ஒரு துளைபோடும் எந்திரமுமே. நம் பகுதிச் சிறு பட்டறைகளிலும் இன்று அவற்றைவிட மிகுதியான கருவிகள் உண்டு.

இவ்வேலையில் நம்மை வியக்க வைப்பது கிராங்க் தண்டு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு அது. கோணல் மாணலான உருவமுடையது. அதனை வார்த்தோ காய்ச்சி அடித்தோ உருவாக்குவது வழக்கம். டெய்லரிடம் இருந்ததோ ஒரு தட்டையான எஃகுப் பாளம். நீளம் 31 அங்குலம், அகலம் 6 அங்குலம், கனம் ஒன்றரை அங்குலத்திற்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ 100 பவுண்டு. அதன்மேல் தண்டின் உருவைக் கீறினார். கீறலை ஒட்டி வரிசையாகத் துளைகள் இட்டார். துளைகளுக்கு இடையே நின்ற எஃகை உளியாலும் சுத்தியாலும் வெட்டித் தள்ளினார். எஞ்சியதை லேத்தில் ஏற்றிக் கடைந்தார். முடிவில் நின்றது 19 பவுண்டு எடையுள்ள தண்டு. சுழற்றிப் பார்த்தபோது சமன் குன்றாமல் சுழன்றது. பாளத்தில் ஐந்தில் நான்கு பங்கை நீக்கிவிட்டு, நீக்கக்கூடாத ஒரு பங்கை மட்டும் நிறுத்திய அக்கைத்திறனைக் கல்தச்சரும் மரத்தச்சரும் உடனே உணர்வர்.

எந்திரத்தின் உடற்பகுதி அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. எடை குறைக்க அக்காலத்தில் அது துணிவான செயல். நான்கு சிலிண்டர்கள்; ஒவ்வொன்றும் 4 அங்குல விட்டம், 4 அங்குல ஓட்டம். கார்புரேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, எரிபொருள் பம்பும் இல்லை. மேலே கட்டிய சிறு கலத்திலிருந்து பெட்ரோல் தானே வடிந்து, சூடான தட்டையான அறையில் ஆவியாகிக் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் புகும். ஆறே வாரங்களில் வேலை முடிந்தது. 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் எந்திரம் ஓடியது. மறுநாள் அச்சுத் தாங்கிகள் இறுகிப் பிடித்துக்கொள்ள, வார்ப்பு உடல் உடைந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து மறுவார்ப்பு வாங்கித் திரும்பவும் தொடங்கினார்கள். மே திங்களில் எந்திரம் ஒழுங்காக ஓடி, கேட்ட 8-க்குப் பதில் ஏறத்தாழ 12 குதிரைத் திறன் தந்தது.

அந்த எந்திரத்திற்குச் சைலன்சரும் இல்லை. புகைபோக்கிக் குழாயும் இல்லை. எரிந்த வாயு வால்வு திறந்ததும் நேரே வெளிக்காற்றில் பாய்ந்தது. ஓட்டிய சிறிது நேரத்தில் வால்வுப் பெட்டிகள் செக்கச் சிவந்துவிடும். தொடக்கத்தில் 16 குதிரைத் திறன் வரை எழும் ஆற்றல், சூடேறியதும் 12-க்கு இறங்கிவிடும். நான்கு சிலிண்டரும் திறந்த வாயோடு வெடிக்கும் ஓசையைக் கற்பனை செய்து பாருங்கள். அதற்கு இடப்புறமாக ஊர்தியின் மேல் குப்புறப் படுத்தவாறு அதனை ஓட்ட வேண்டும். ஓட்டுபவரைச் சுற்றிலும் திறந்த வெளியாக இருந்தமையால் புகையால் கேடு நேரவில்லை.

பிற்காலத்தில் ஓட்டுபவரைச் சுற்றிக் கண்ணாடியும் தகடுமாக அறை எழுந்தது. அதன்பின் புகைபோக்கி உயிர் காக்கும் உறுப்பாயிற்று. இன்று பயிற்சிக்குப் பயன்படும் சிறு வானூர்திகள் பலவற்றில், சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டு உறை போர்த்தியிருப்பார்கள். அவ்வுறைக்குள் புகும் தூய காற்று சைலன்சரின் சூட்டை வாங்கிக்கொண்டு, குளிர்காலத்தில் ஓட்டுபவரின் அறையைச் சூடாக்கும். சைலன்சரில் மயிரிழை வெடிப்புக் கண்டாலும் அக்காற்றோடு கார்பன் மோனாக்சைடு கலந்து உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஓட்டுபவர் தலைவலி என்று எண்ணுவார், பிறகு மயங்குவார்.

ஆகவே கழற்றிய புகைபோக்கியை எந்திரத்தில் திரும்பப் பூட்டுவது சிறிய வேலையன்று. பழைய பேக்கிங்கை எடுத்தெறிந்து புதியது வைக்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் முதலில் தளர்வாகப் பொருத்தி, ஒன்றுக்கொன்று இழுவையின்றி அமர்ந்தபின், நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, அளவு காட்டும் ஸ்பானரால், குறித்த அளவுக்கே முறுக்க வேண்டும். வெடிப்புக் கண்ட இடத்தைப் பென்சிலால் குறித்துவிடலாம் என்று புதியவர் நினைப்பார். கூடவே கூடாது. பென்சிலின் கரி, சூடேறும்போது உலோகத்திற்குள் புகுந்து அவ்விடத்தையே வெடிக்கச் செய்யும். துத்தநாகம் பூசிய கருவி பட்டாலும் அதே கேடு. பூட்டிய பின் குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, இணைப்புகளின் மேல் சோப்பு நீர் தடவி, குமிழி எழுகிறதா என்று நோக்க வேண்டும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் அதே அறிவுதான்.

பிறகு செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதித் தம் பெயரைக் கையெழுத்திட வேண்டும். டெய்லரின் காலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. இன்று நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்றவர் கையெழுத்திட்டாலன்றிப் பழுது பார்த்த விமானம் பறக்கலாகாது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றோர் இப்பயிற்சியில் சேரலாம். பயிற்சிக் கட்டணம் மிகுதி என்பதை அறிவோம். ஆயினும் நம் சங்கம் உதவித்தொகை பற்றி எண்ணும்போது மருத்துவம், சட்டம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றோடு இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

கவனப் பிசகு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். கறுப்பினத்தில் பிறந்த பெஸ்ஸி கோல்மன் என்னும் பெண்மணியை அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சு நாடு சென்று, 1921-இல் விமானி உரிமம் பெற்றுத் திரும்பினார். 1926 ஏப்ரல் 30-ஆம் நாள் ஜாக்சன்வில் நகரில் அவர் சென்ற ஊர்தி தலைகீழாகிச் சுழன்றது. அவர் வெளியே வீசப்பட்டு மாண்டார். யாரோ வேலை செய்துவிட்டு மறந்துபோன ஸ்பானர் ஒன்று, ஊர்தியை இயக்கும் பகுதியில் சிக்கியிருந்தது பின்னர் தெரிய வந்தது. அவருக்கு அப்போது வயது 34.

டெய்லரிடம் திரும்புவோம். 1903 இலையுதிர் காலத்தில் கிட்டி ஹாக்கில் எந்திரத்தைப் பூட்டி ஓட்டியபோது உந்தியின் தண்டுகள் முறுக்குண்டு பழுதாயின. அவை டேட்டனுக்கு அனுப்பப்பட்டன. டெய்லர் வலுப்படுத்தி அனுப்பினார். பற்சக்கரங்கள் ஆட்டங் கண்டபோது, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை உருக்கி ஊற்றி இறுக்கினார்கள். மீண்டும் ஒரு தண்டு வெடித்தது. ஆர்வில் டேட்டனுக்கே ஓடிவந்து, புதிதாக எஃகில் தண்டுகள் செய்துகொண்டு டிசம்பர் 11-இல் திரும்பினார். டிசம்பர் 17-ஆம் நாள் ஊர்தி நான்கு முறை பறந்தது. முதன்முறை 12 விநாடி, 120 அடி. நான்காம் முறை 59 விநாடி, 852 அடி. அப்போது டெய்லர் அங்கே இல்லை. டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமும் பறக்கக் கற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. சகோதரர்கள் இடங்கொடுக்கவில்லை. பட்டறைக்கு அவர் இன்றியமையாதவர் என்பது காரணம். ரைட் சகோதரர்களைக் குறைகூறுவது எம் நோக்கமன்று; அவர்கள் அவரை நம்பினார்கள், ஒழுங்காகக் கூலியும் தந்தார்கள். ஆனால் தொழிலாளியின் திறமையே அவருக்குத் தடையாவதை நாம் வேறு பல இடங்களிலும் கண்டிருக்கிறோம்.

1908 செப்டம்பர் 17-இல் வாசிங்டனுக்கு அருகே போர்ட் மையர் படைத்தளத்தில் ஆர்வில் ஓட்டிய ஊர்தி வீழ்ந்தது. உடன் சென்ற தாமஸ் செல்ப்ரிட்ஜ் என்னும் படை அதிகாரி இறந்தார். வானூர்தி விபத்தில் உயிர் நீத்த முதல் மனிதர் அவர். சிதைவிலிருந்து இருவரையும் மீட்க உதவிய டெய்லர், பின்னர் நின்ற இடத்திலேயே கதறி அழுதார். அழுது முடித்தபின் உடைந்த பாகங்களை ஆராய்ந்தார். உந்தியின் இலக்கு ஒன்று பிளந்து, திசை திருப்பும் பகுதியின் கம்பியை அறுத்ததே காரணம் என்று தெளிவாயிற்று.

1911-இல் கால்பிரைத் ராட்ஜர்ஸ் என்பவர் அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பறந்து கடக்கப் புறப்பட்டார். நாளுக்கு 10 டாலர் கூலிக்கு டெய்லர் அவருடன் சென்றார். ஊர்தி மேலே பறக்க, பட்டறைப் பெட்டியுடன் தனி ரயில் கீழே தொடர்ந்தது. ஊர்தி வீழ்வதும், பழுது பார்ப்பதும், மீண்டும் எழுவதுமாகவே வழி முழுவதும் கழிந்தது. மேற்குக் கரையை அடைந்தபோது அதில் மாற்றப்படாமல் எஞ்சிய பாகங்கள் மிகச் சிலவே.

பின்னர் மீண்டும் டேட்டனில் சில ஆண்டுகள் உழைத்தார். 1928-இல் கலிபோர்னியா சென்று, சேமிப்பை நிலத்தில் முடக்கி இழந்தார். மனைவியும் மறைந்தார். 1930-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு விமானத் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்தார். மணிக்கு 37 சென்ட் அளவில் கூலி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் கடையில் பெற்றது 30 சென்ட் என்பதை நாம் மறக்கவில்லை. முதல் வானூர்தி எந்திரத்தைச் செய்தவர் இவர்தாம் என்பது பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மோட்டார் தொழிலதிபர் ஹென்றி போர்டு, ரைட் சகோதரர்களின் கடையை மிச்சிகன் மாநிலத்துக்குப் பெயர்த்து வந்து நினைவகமாக்க விரும்பியபோது, கடையில் எப்பொருள் எங்கே இருந்தது என்று அறிந்தவரைத் தேடி டெய்லரைக் கண்டுபிடித்தார். 1938 ஏப்ரல் 16-இல் அந்நினைவகம் திறக்கப்பட்டது. வேலை முடிந்ததும் டெய்லர் கலிபோர்னியா திரும்பி மீண்டும் தொழிற்சாலைக்குச் சென்றார். 1945-இல் இதயநோய் கண்டபின் அவரால் உழைக்க இயலவில்லை. 1948 சனவரி 30-இல் மறைந்த ஆர்வில், ஆண்டுக்கு 800 டாலர் அவருக்குக் கிடைக்கும்படி செய்திருந்தார். விலைவாசி ஏறிய காலத்தில் அது போதவில்லை. 1955-இல் பொது மருத்துவமனையில் ஏழைகளுக்கான பிரிவில் அவர் கிடப்பதைப் பத்திரிகையாளர் ஒருவர் கண்டு வெளியிட்டார். விமானத் தொழில் உலகம் திடுக்கிட்டுப் பணம் திரட்டி அவரைத் தனி மருத்துவ இல்லத்துக்கு மாற்றியது. அதன்பின் அவர் சில திங்களே வாழ்ந்தார். 1956 சனவரி 30-ஆம் நாள், ஆர்வில் மறைந்த அதே நாளில், தம் 87-ஆம் வயதில் மறைந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடபுறத்தில், வானூர்தித் துறையினருக்கென்று எழுப்பிய மடித்த சிறகுகளின் வாயில் என்னும் நினைவிடத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஐம்பதாண்டுகள் வானூர்தித் தொழிலில் பிழையின்றிப் பணிபுரிந்தோருக்கு அமெரிக்க அரசு வழங்கும் விருது இன்று அவர் பெயரால் விளங்குகிறது. அவர் பிறந்த மே 24-ஆம் நாளை அங்குள்ள வானூர்திப் பராமரிப்புத் தொழிலாளர்கள் தம் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. 1910-இல் சென்னையில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் ஒரு வானூர்தி செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். விடுதி உரிமையாளரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஏடுகளில் உள்ளன. அப்பட்டறையில் மரம் இழைத்தவர்கள், உலோகம் கடைந்தவர்களின் பெயரை நாம் படித்த எந்நூலிலும் காணவில்லை.

டெய்லர் செய்த கிராங்க் தண்டு என்னவாயிற்று என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். 1903 டிசம்பர் 17-இல் நான்காம் பறப்பு முடிந்து ஊர்தி தரையில் நின்றபோது, பெருங்காற்று அதனைப் புரட்டிப் போட எந்திரத்தின் வார்ப்பு உடல் உடைந்தது. கிராங்க் தண்டு உடையவில்லை. 1906-இல் நியூயார்க்கு நகரில் நடந்த பொருட்காட்சிக்கு அதனையும் சுழல் சக்கரத்தையும் இரவலாகக் கொடுத்தார்கள். அவை திரும்பி வரவில்லை. வாசிங்டன் அருங்காட்சியகத்தில் அந்த முதல் வானூர்தி இன்றும் இருக்கிறது. அதன் எந்திரத்துக்குள் இருப்பது வேறொரு தண்டு.